தவிட்டில் விளையும் தண்ணீர்

கோதுமைத் தவிட்டைக் கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிரும். அதன் எடையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான் ஈரம். அந்தத் தவிட்டுக்குள்ளேயே பிறந்து, அதையே தின்று வளரும் மாவுப்புழுவின் உடலிலோ 60 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். குடிக்க ஒரு சொட்டு வைக்காவிட்டாலும் அது செத்துப்போவதில்லை. வளர்ச்சி மந்தமாகும், அவ்வளவுதான். அப்படியானால் அதன் உடலில் இருக்கும் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

கொல்லைக் கோழிகளுக்குத் தீனியாக இந்தப் புழுவை வளர்ப்பவர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். வண்ணமீன், கூண்டுப் பறவை விற்கும் கடைகளில் ‘மீல்வார்ம்’ என்று கேட்டால் டப்பாவில் தவிட்டோடு போட்டுத் தருவார்கள். வாங்கி வந்தவர்களின் பேச்சு உடனே விலைக்கும் லாபத்துக்கும் புரதச் சதவீதத்துக்கும் போய்விடும். எனக்கு அதைவிடத் தண்ணீர்க் கணக்குதான் சுவையானது. இந்தப் புழு வளர்ப்பில் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்பதில் பெரும்பகுதி அந்தக் கணக்கிலிருந்தே வருகிறது.

மாவுப்புழு என்பது பெயரளவில்தான் புழு. அது ஒரு கருவண்டின் இளம்பருவம். டெனிப்ரியோ மோலிட்டர் என்று 1758இல் லின்னேயஸ் இதைப் பட்டியலிட்டார். மாவு ஆலைகளிலும் தானியக் கிடங்குகளிலும் மனிதனோடு ஒட்டிக்கொண்டு உலகமெல்லாம் பரவிய பூச்சி இது. தானியக் கிடங்கில் தானியம் உண்டு, தண்ணீர் இல்லை. அங்கே பிழைக்க வேண்டுமானால் தண்ணீரைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும், உண்டாக்கியதை விட்டுவிடவும் கூடாது.

உண்டாக்குவது அப்படியொன்றும் அபூர்வமில்லை. மாவுச்சத்தை உடல் எரிக்கும்போது அதிலுள்ள ஹைட்ரஜன், காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. 1 கிராம் மாவுச்சத்து முழுதாக எரிந்தால் அரை கிராமுக்குச் சற்று அதிகமாகவே தண்ணீர் கிடைக்கும். 1 கிராம் கொழுப்பு எரிந்தால் 1 கிராமையும் தாண்டும். இது நம் உடம்பிலும் நாள்தோறும் நடக்கிறது. நாம் அதை வியர்வையாகவும் சிறுநீராகவும் தாராளமாகச் செலவழித்துவிடுகிறோம். புழுவின் சாமர்த்தியம் அந்தச் செலவை நிறுத்துவதில் இருக்கிறது. தோலின்மேல் மெழுகுப் பூச்சு. மூச்சுத் துளைகளைத் தேவைப்படும்போது மட்டுமே திறக்கும் கட்டுப்பாடு. இந்த இரண்டும் பல பூச்சிகளுக்கு உண்டு. எல்லாப் பூச்சிகளிடமும் இல்லாதது மாவுப்புழுவின் பின்குடல் அமைப்பு.

பூச்சிகளுக்குச் சிறுநீரகம் கிடையாது. அந்த வேலையை மால்பீஜியன் குழாய்கள் என்ற நுண்குழாய்கள் செய்கின்றன. பெரும்பாலான பூச்சிகளில் அவற்றின் நுனிகள் உடலின் உள்திரவத்தில் சும்மா மிதந்துகொண்டிருக்கும். மாவுப்புழுவில் அப்படியில்லை. ஆறு குழாய்களின் நுனிகளும் திரும்பி வந்து மலக்குடலின் மேல் ஒட்டி நெளிந்து படுத்துக்கொள்கின்றன. குழாய்களையும் குடலையும் சேர்த்து ஒரு சவ்வு உறையிட்டு மூடியிருக்கிறது. இந்தக் குழாய் நுனிகளுக்குள் புழு பொட்டாசியம் குளோரைடு உப்பை இடைவிடாமல் இறைத்துச் சேர்க்கிறது. பிறகு நடப்பது உப்பில் போட்ட மாங்காய்த் துண்டுக்கு நடப்பதுதான்: உப்புச் செறிவு எங்கே அதிகமோ அங்கே தண்ணீர் போய்ச் சேரும். மலக்குடலுக்கு வரும் எச்சத்தின் ஈரத்தைக் குழாயிலுள்ள உப்பு உறிஞ்சி உடலுக்கே திருப்பிவிடுகிறது. வெளியே விழுவது ஈரமற்ற துகள். புழு வளர்க்கும் தட்டின் அடியில் மணல்போலச் சேர்ந்திருப்பதை முதல்முறை பார்ப்பவர்கள் தவிட்டுத் தூள் என்றே நினைப்பார்கள். அது முழுக்க எச்சம். நாற்றம் கிடையாது, சல்லடையில் சலித்துச் செடிக்குப் போடலாம்.

இந்த அமைப்பின் உடலியலை விரிவாக விளக்கியவர் கேம்பிரிட்ஜின் ஜேம்ஸ் ஆர்தர் ராம்சே. ஆண்டு 1964. சில சென்டிமீட்டர் நீளமே உள்ள புழுவின் குடலை ஒட்டிய குழாயிலிருந்து திரவம் எடுத்தால் எவ்வளவு கிடைக்கும்? கண்ணுக்கு எட்டாத அளவு. அதில் உப்பு எவ்வளவு என்று எப்படிச் சொல்வது? உப்பு கூடக்கூட நீரின் உறைநிலை இறங்கும் என்பது பள்ளிப் பாடம். ராம்சே அந்தப் பாடத்தையே கருவியாக்கினார். நுண்துளியை உறையவைத்து, எந்த வெப்பநிலையில் அதன் பனி உருகுகிறது என்று பார்த்துச் செறிவைக் கணக்கிடும் முறையை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே உருவாக்கி வைத்திருந்தார். அதைக்கொண்டு பார்த்தபோது, குழாய் நுனியிலுள்ள திரவம் புழுவின் இரத்தத்தைவிடப் பல மடங்கு செறிவாக இருந்தது.

உப்பை இறைப்பது எது என்ற கேள்விக்கு ஒரு பகுதி விடை வர 2023 ஆயிற்று. எடின்பரோ, கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை மாவுப்புழுவின் ஒன்றுவிட்ட உறவான சிவப்பு மாவு வண்டில் தேடினார்கள். நம் வீட்டு மைதா டப்பாவில் ஊரும் அதே சின்னச் செவ்வண்டுதான். குழாய் நுனிகளில் ஆங்காங்கே பதிந்திருக்கும் லெப்டோஃப்ராக்மேட்டா என்ற தனிவகைச் செல்களில் மட்டும் என்எச்ஏ1 என்ற ஒரு புரதம் இருந்தது. பொட்டாசியத்தை ஒருபக்கமும் ஹைட்ரஜன் அயனியை மறுபக்கமும் மாற்றிவிடும் வாயில் அது. அந்த மரபணுவை அடக்கியதும் எச்சத்தோடு வெளியேறும் ஈரம் வெகுவாகக் கூடியது. வறண்ட சூழலில் அந்த வண்டுகள் சீக்கிரம் செத்தன. மைதாவில் வண்டு விழுந்தால் சலிப்போடு கொட்டிவிடும் நாம், இப்படியொரு எந்திரத்தைத்தான் கொட்டுகிறோம்.

இன்னொன்றும் உண்டு. காற்றின் ஈரப்பதம் 88 சதவீதத்தைத் தாண்டினால், மாவுப்புழு பின்குடலுக்குள் வரும் காற்றிலிருக்கும் நீராவியையே உறிஞ்சிவிடும். ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் நம் கடற்கரை ஊர்களின் காற்று இந்த அளவைச் சாதாரணமாகத் தொடும். அதாவது, மழைக்காலச் சென்னையில் தட்டுக்குள் கிடக்கும் புழு காற்றைக் குடித்தே காலம் தள்ளக்கூடியது.

அப்புறம் எதற்குக் கேரட் துண்டு போடச் சொல்கிறார்கள் என்று கேட்கலாம். காரணம் சிக்கனத்துக்கும் விலை உண்டு என்பதுதான். உப்பை இறைக்கச் சக்தி வேண்டும். தண்ணீருக்காகச் சத்தை எரித்தால் உடல் வளர மிச்சம் குறையும். ஒரு துண்டுக் கேரட்டோ உருளைக்கிழங்கோ பூசணிக்காயோ கிடைத்தால் அந்தச் சக்தி வளர்ச்சிக்குப் போகிறது. ஈரம் கிடைக்காத கூட்டத்தில் இன்னொரு விளைவும் தெரியும். அவை ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கும். பக்கத்துப் புழுவும் ஒரு தண்ணீர்ப் பொட்டலம்தானே.

வளர்ப்பு முறையில் பெரிய ரகசியம் இல்லை. வழவழப்பான சுவருள்ள பிளாஸ்டிக் தட்டு போதும், புழுவாலும் வண்டாலும் அதில் ஏற முடியாது. வண்டுக்கு இறக்கை இருந்தாலும் பறப்பது அபூர்வம். தட்டில் இரண்டு மூன்று விரற்கடை உயரத்துக்குக் கோதுமைத் தவிடு. அதை முதலில் வெயிலில் நன்றாகக் காயவைத்தோ லேசாக வறுத்தோ கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் தவிட்டோடு வரும் சிலந்திப்பேன்கள் பெருகிவிடும். அரிசித் தவிடு மலிவுதான், ஆனால் அதில் எண்ணெய் அதிகம். ஆலையிலிருந்து வந்த சில நாட்களிலேயே சிக்கு வாடை அடிக்கும், கட்டியும் பிடிக்கும். காய்த் துண்டுகளைப் பூஞ்சணம் பூக்குமுன் எடுத்துவிட வேண்டும். மழைக்காலத்தில் இது இன்னும் முக்கியம். புழுவுக்கு உதவும் அதே ஈரக்காற்று பூஞ்சணத்துக்கும் பேனுக்கும் உதவுகிறது. தட்டு வைக்கும் மேசையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்த வேண்டும். எறும்பு ஒரே இரவில் மொத்தத்தையும் முடித்துவிடும். மேலே வலையும் வேண்டும், பல்லிக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது.

ஒரு பெண் வண்டு சில நூறு முட்டைகள் இடும். ஒவ்வொன்றும் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. மேலே பிசின்போல் ஒட்டும், தவிடு ஒட்டிக்கொள்வதால் கண்ணில் படாது. ஒரு வாரத்திலோ இரண்டு வாரத்திலோ பொரிந்து, பத்துப் பதினைந்து முறை தோலுரித்து, மூன்று மாதம்போல வளர்ந்து இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர் நீளமாகும். பிறகு கூட்டுப்புழு. வெளிறிய அந்த உருவத்துக்குக் கூடும் இல்லை, மடங்கி ஒட்டியிருக்கும் கால் நடக்க உதவாது, வாய் கடிக்க உதவாது. சுற்றிலும் பசித்த புழுக்கள். அது வயிற்றுப் பகுதியைச் சட்டென்று வளைப்பதை மட்டும் நாம் பார்ப்போம். வளையங்களுக்கு இடையே பக்கவாட்டில் சிறு பற்கள் அமைந்த இடுக்கிகள் இருக்கின்றன. எதிரியின் தாடையோ காலோ அந்த இடுக்கில் நுழைந்தால் வளைந்த வேகத்தில் நறுக்கென்று கவ்விப் பிடிக்கும். வாய் உதவாத பருவத்தில் வயிறே கடிக்கிறது. இருந்தும் கூட்டம் அதிகமானால் தப்பாது. கூட்டுப்புழுக்களைப் பொறுக்கித் தனித் தட்டில் போடச் சொல்வது அதனால்தான்.

புழு எப்போது கூட்டுப்புழுவாக வேண்டும் என்பதை இளம்பருவ ஹார்மோன் தீர்மானிக்கிறது. அது இருக்கும்வரை ஒவ்வொரு தோலுரிப்பிலும் புழு புழுவாகவே தொடரும், அற்றுப்போனால்தான் உருமாறும். அந்த ஹார்மோனின் வேதியியல் அமைப்பு தெரியாதிருந்த காலத்தில், 1961இல், பீட்டர் ஷ்மியாலெக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் மாவுப்புழுவின் எச்சத்திலிருந்து அதேபோல வேலை செய்யும் இரண்டு பொருட்களைப் பிரித்தெடுத்தார். அதிலொன்று ஃபார்னசால். வாசனைத் திரவியக்காரர்களுக்கு நன்கு பழக்கமான, பல பூக்களின் எண்ணெயில் இருக்கும் மணப்பொருள். புழுவின் கழிவைக் கிளறிய ஒருவருக்குப் பூவின் மணப்பொருள் கிடைத்தது என்பதை நான் யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடிந்ததில்லை. உண்மையான ஹார்மோன் பிற்பாடு கண்டுபிடிக்கப்பட்டபோது, அது ஃபார்னசாலின் உறவுக்காரப் பொருளாகவே இருந்தது.

தெர்மாகோல் தின்னும் புழு என்று செய்திகளில் வந்ததும் இதுதான். 2015இல் சீன, ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்குப்படி 100 புழுக்கள் ஒரு நாளில் தின்றது 34 முதல் 39 மில்லிகிராம். ஒரு பொட்டல டப்பாவை முடிக்கவே ஒரு படை வேண்டும். கோழிக்குப் போகும் புழுவுக்கு யாரும் தெர்மாகோல் போட வேண்டாம்.

இப்போது கோழியின் பக்கம். புழுவின் மேலோடு கைட்டின் என்ற பொருளால் ஆனது. இறால் ஓட்டில் இருப்பதும் அதுவே. கைட்டின் வெறும் நார், கோழிக்குச் செரிக்காது என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2017இல் டோக்கியோவின் கொகாகுயின் பல்கலைக்கழகக் குழு ஒன்று கோழியின் சுரப்பி இரைப்பையைப் பரிசோதித்தது. கைட்டினை அறுக்கும் கைட்டினேஸ் என்ற நொதிக்கான மரபணு அங்கே மிக அதிகமாக வேலை செய்துகொண்டிருந்தது. அமிலத்திலும் அது சிதையவில்லை, மற்ற செரிமான நொதிகளும் அதை அழிக்கவில்லை. காட்டுக்கோழியின் வயிறு இன்னும் கோழியிடம் இருக்கிறது. நம் கோழியின் முதன்மை மூதாதை தென்கிழக்காசியச் செங்காட்டுக்கோழி. மஞ்சள் தோல், மஞ்சள் கால் மட்டும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்த மரபணு என்று 2008இல் தெரியவந்தது. இரண்டுமே சருகைக் கிளறிப் பூச்சி தின்பவை. தீவன மூட்டை நேற்று வந்தது.

கோழிக்கு இந்தப் புழு எவ்வளவு பிடிக்கும் என்பதைச் சேவலிடமே கேட்டுப் பார்த்தவர்கள் உண்டு. நல்ல தீனி கண்டால் சேவல் தான் தின்னாமல் கொத்திக் கொத்திப் போட்டு ‘கொக் கொக்’ என்று பெட்டையைக் கூப்பிடுவதை எல்லோரும் பார்த்திருப்போம். பீட்டர் மார்லரும் உடன் ஆய்வாளர்களும் 1986இல் அந்தக் கூப்பாட்டை எண்ணினார்கள். மாவுப்புழுவைக் கண்ட சேவல் மிக வேகமாகக் கூப்பிட்டது. சாதாரணத் தீனிக்கு வேகம் குறைந்தது. பக்கத்தில் பெட்டை இருந்தால் கூப்பாடு கூடியது. தின்னவே முடியாத கொட்டை ஓட்டைக் காட்டியும் சில சேவல்கள் கூப்பிட்டன. பெட்டைகளும் ஏமாளிகள் இல்லை, கூப்பாடு நல்ல தீனிக்கானதாக இருந்தால்தான் அதிகமாக வந்தன.

ஆசைக்குச் சரி, வயிற்றுக்கு? இங்கேதான் உற்சாகக்காரர்கள் கணக்கை விட்டுவிடுகிறார்கள். முட்டையிடும் கோழி ஒரு நாளைக்கு 110 கிராம் தீவனம் தின்னும், அதில் 17, 18 கிராம் புரதம் இருக்கும். உயிருள்ள மாவுப்புழு 10 கிராம் போட்டால் கிடைப்பது 2 கிராம் புரதம். 10 கிராம் என்பது ஏறத்தாழ 80 முதல் 100 புழு. ஐந்து கோழிக்கு நாளொன்றுக்கு 400, 500. வளர மூன்று மாதம் ஆகும் என்றால், தடையில்லாமல் கொடுக்கப் பல அளவுகளில் 40,000 புழுவாவது வீட்டில் எப்போதும் இருக்க வேண்டும். அவ்வளவு செய்தும் புரதத் தேவையில் ஏறத்தாழ ஒன்பதில் ஒன்றைத்தான் தொட்டிருப்போம். வெளிநாட்டுப் பண்ணைக் கணக்கில் 1 கிலோ புழுவுக்கு 2 கிலோவுக்கு மேல் தீனி செலவாகிறது. தவிட்டிலிருந்த புரதத்தில் ஒரு பகுதி வழியிலேயே போய்விடுகிறது. கோழிக்குச் சரியாகச் செரிக்காத தவிடு, நன்றாகச் செரிக்கும் புரதமும் கொழுப்புமாக மாறுவது மட்டும் உண்மையான லாபம். பெரிய அளவில் செய்தாலும் இந்தக் கணக்கு எளிதல்ல. 2011இல் தொடங்கி, பல நூறு மில்லியன் டாலர் முதலீடு திரட்டி, அமியன் நகரில் மாடி மாடியாக மாவுப்புழுப் பண்ணை கட்டிய பிரான்சின் இன்செக்ட் நிறுவனம் 2024இல் நீதிமன்றப் பாதுகாப்பை நாட வேண்டியதாயிற்று.

சுண்ணாம்புச் சத்து இன்னொரு குழி. ஒரு முட்டை ஓட்டில் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. 10 கிராம் மாவுப்புழுவில் 2 மில்லிகிராம்கூட இல்லை. பாஸ்பரஸ் மட்டும் தாராளம். புழுவை மட்டுமே நம்பிக் கிளிஞ்சல் வைக்காமல் விட்டால் தோல்முட்டைதான் வரும்.

புழுவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து வளர்ச்சியை நிறுத்தி வைக்கலாம் என்பதும் உண்மை, வீட்டில் ஒத்துக்கொண்டால். 10 டிகிரிக்கு அருகே அது சும்மா கிடக்கும். உறைபனியையும் ஓரளவு தாங்க அதன் இரத்தத்தில் பனிப்படிகம் வளராமல் தடுக்கும் புரதம் உண்டு, அதைக் கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தினர் 1997இல் விரிவாக விவரித்தார்கள். குளிருக்கு இத்தனை ஆயத்தமுள்ள பூச்சி வெயிலுக்குத் தயாராக இல்லை. அதற்கு உகந்தது 25 முதல் 28 டிகிரி. 35ஐத் தாண்டினால் தின்னாமல் சுருளும். நெருக்கமாகக் கிடக்கும் புழுக்களின் உடல்சூடே தட்டின் நடுவை இன்னும் சில டிகிரி ஏற்றிவிடும். எச்சத் தூளால் சிலருக்கு இளைப்பு வரும், இறால் ஒவ்வாதவர்களுக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம். சலிக்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்வது நல்லது.

சட்டம் ஊருக்கு ஊர் வேறு. மாட்டுப்பித்து நோய்க்குப் பிறகு விலங்குப் புரதத்தைப் பண்ணை விலங்குகளுக்குத் தீவனமாக்குவதை ஐரோப்பிய ஒன்றியம் தடுத்தது. பூச்சிப் புரதத்தை 2017இல் மீன்களுக்கும் 2021 செப்டம்பரில் கோழி, பன்றிக்கும் அனுமதித்தது. அதற்குள் ஒன்றியத்தை விட்டு வெளியேறியிருந்த பிரிட்டனுக்கு அந்தத் தளர்வு பொருந்தவில்லை. அங்கே இரண்டு கோழி வளர்ப்பவரும் உலர்ந்த மாவுப்புழுவைப் போடக்கூடாதவராகவே இருந்தார்.

நம் ஊரில் கோழிக்குப் புரதம் தரும் வேலையை வேறொரு பூச்சி பல காலமாகச் செய்து வருகிறது. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலை, சருகு அடைத்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கரையான் நடமாடும் இடத்தில் கவிழ்த்து வைப்பார்கள். விடியும்போது பானை நிறையக் கரையான். நாட்டுக்கோழிக் குஞ்சுக்கு முதல் வாரங்களில் இதைவிட மலிவான புரதம் கிடையாது. கரையானின் உடலியல் மாவுப்புழுவுக்கு நேரெதிர். மெல்லிய தோல், வறண்ட காற்றில் கொஞ்ச நேரம்கூடத் தாங்காது. அதனால்தான் ஈரமும் இருட்டும் உள்ள இடத்தைத் தேடிப் பானைக்குள் வருகிறது. வேலைக்காரக் கரையான்தான் வரும், ராணி புற்றுக்குள்ளேயே இருக்கும், எனவே மறுநாளும் பானை நிறையும். நாம் முட்டை பொறுக்க வேண்டாம், தட்டு சலிக்க வேண்டாம்.

உதகையிலோ ஏற்காட்டிலோ கோழி வைத்திருப்பவருக்கு மாவுப்புழுத் தட்டு நன்றாகவே ஓடும். மதுரைப் பக்கம் சித்திரை, வைகாசியில் என்னைக் கேட்டால் பானையைத்தான் சொல்வேன். வீட்டு மரச்சாமானிலிருந்து தள்ளி வைக்க வேண்டும், வெயில் ஏறுமுன் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் கரையான் மண்ணுக்குள் இறங்கிவிடும்.